கிட்னிக்கு மெஷின்: எப்போது தொடங்குவது, யாரைக் கேட்பது?

 

மார்க்க விளக்கம் கேட்டு வருபவர்களில் ஒரு சாரார் அண்மைக் காலமாக அதிகரித்து வருகின்றனர். அவர்கள் கேட்பது வாரிசுரிமை பற்றியோ ஸகாத் பற்றியோ அல்ல. "ஹஸரத், வாப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் பழுதாம். மெஷின்ல போடச் சொல்றாங்க. போடுறதா, இன்னொரு டொக்டரச் சனல் பண்ணிக் காட்டுறதா? போடாம விட்டா குத்தமா?" என்பதே அவர்களது கேள்வி.

இது ஒரு கேள்வியல்ல, மூன்று கேள்விகள். எப்போது தொடங்குவது என்பது ஒன்று. இன்னொரு வைத்தியரிடம் கேட்பது எதற்காக என்பது இரண்டு. மார்க்கம் என்ன சொல்கிறது என்பது மூன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் தடுமாறுகின்றன. மருந்தைத் தீர்மானிப்பவர் வைத்தியர்தான். ஆனால் அவர் சொல்வதை விளங்கி, கேட்க வேண்டியதைக் கேட்டு, காலம் தாழ்த்தாமல் முடிவுக்கு வருவது குடும்பத்தின் பொறுப்பாகும்.

இலக்கம் மட்டும் தீர்ப்பல்ல

சிறுநீரகம் பழுதடைவதற்கு உலகெங்கும் முதன்மையாக இருக்கும் காரணங்கள் சீனி வருத்தமும் பிரஷருமாகும். இவை இல்லாத வீட்டை எமது ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது தவிர, அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் 1990களிலிருந்து இன்னதென்று காரணம் நிறுவப்படாத ஒரு சிறுநீரக நோயும் விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகிறது.

இத்தகைய நோயாளியின் வீட்டில் எல்லோருடைய வாயிலும் இருப்பது "கிரியேட்டினின்" என்ற சொல்தான். அது உடம்பின் தசைகளிலிருந்து உண்டாகும் ஒரு கழிவு. சிறுநீரகம் வேலை செய்யக் குறையும்போது இரத்தத்தில் அது கூடும். ஆனால் அந்த இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அழுவதோ ஆறுதலடைவதோ சரியல்ல. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, எமது நாட்டின் ஆய்வுகூடங்கள் இரண்டு விதமான அளவுகளில் ரிப்போர்ட் தருகின்றன. ஓரிடத்தில் 4.5 என்று வந்தது இன்னோரிடத்தில் ஏறத்தாழ 398 என்று வரும். இரண்டும் ஒன்றே. முதலாவதை 88.4 ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். இதை அறியாமல் "ஒரே கிழமையில் நூறு மடங்கு கூடிவிட்டதே" என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரே இலக்கம் எல்லோருக்கும் ஒரே கருத்தைத் தருவதில்லை. கிரியேட்டினின் 5 என்று இருவருக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 30 வயது ஆண், மற்றவர் 70 வயதுப் பெண். 2021ல் வெளியான கணிப்பு முறைப்படி பார்த்தால் அந்த இளைஞரின் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 15. அந்தப் பெண்ணுடையது ஏறத்தாழ 9 மட்டுமே. வைத்தியர்கள் கவனிப்பது இந்த வடிகட்டும் வேகத்தைத்தான். ஆரோக்கியமான இளம் வயதினருக்கு இது 90க்கு மேல் இருக்கும். 15க்குக் கீழே போனால் நோயின் ஐந்தாவது, அதாவது இறுதிக் கட்டம் என்பார்கள். ஆகவே டொக்டரைக் காணும்போது "கிரியேட்டினின் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "வடிகட்டும் வேகம் எவ்வளவு? போன வருடம் எவ்வளவு இருந்தது?" என்றும் கேளுங்கள். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் முக்கியமானது.

டொக்டர்மார் ஏன் வேறுபடுகிறார்கள்?

"ஒரு டொக்டர் உடனே போடு என்கிறார், மற்றவர் பொறு என்கிறார். யாரோ ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார்" என்று சிலர் முடிவுகட்டி விடுகிறார்கள். அப்படி எண்ணுமுன் இந்தச் சிகிச்சையின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெஷினை நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் என்ற வைத்தியர் 1943ல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். யுத்த காலம், கிடைத்த செலோபேன் குழாயை வைத்தே அதை அமைத்தார். அதனால் உயிர் மீண்ட முதல் நோயாளி, 1945ல் சிகிச்சை பெற்ற 67 வயதுப் பெண்மணியாவார். அன்று எப்போது தொடங்குவது என்ற கேள்வியே இருக்கவில்லை. மரணத்தின் விளிம்பில் இருப்பவருக்கே அது போடப்பட்டது. 1960ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர் மெஷினோடு திரும்பத் திரும்ப இணைக்கக்கூடிய குழாயை உருவாக்கிய பின்னரே, ஒரு நோயாளியை வருடக்கணக்கில் வாழவைக்கும் சிகிச்சையாக அது மாறியது.

அதன் பின்னர், முன்கூட்டியே தொடங்கினால் நோயாளி கூடுதல் காலம் வாழ்வார் என்ற எண்ணம் வைத்தியர்களிடையே பரவியது. அதைச் சோதிக்க அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வடிகட்டும் வேகம் 10 முதல் 14 வரை இருக்கும்போதே தொடங்குவதென்றும், மற்றவர்களுக்கு 5 முதல் 7 வரை இறங்கும்வரை பொறுப்பதென்றும் திட்டமிட்டார்கள். 2010ல் முடிவு வெளியானது. உயிர் வாழ்வதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. பொறுத்திருந்தவர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் மெஷின் இல்லாமல் கழித்திருந்தார்கள்.

இதைக் கேட்டவுடன் "அப்படியானால் பிற்போடலாம்" என்று எண்ணிவிட வேண்டாம். பொறுக்கச் சொல்லப்பட்டவர்களில் நான்கில் மூன்று பகுதியினர், குறித்த அளவுக்கு இறங்குமுன்பே உடம்பில் அறிகுறிகள் தோன்றியதால் தொடங்க நேரிட்டது. அவர்கள் அனைவரும் வைத்தியர்களின் நெருங்கிய கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் மூலையில் ரிப்போர்ட்டை வைத்துவிட்டுப் பொறுத்தவர்கள் அல்லர். கண்காணிப்போடு பொறுப்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு பிற்போடுவது வேறு.

எப்போது தொடங்க வேண்டும்?

இன்று சிறுநீரக நிபுணர்கள் பெரும்பாலும் பின்பற்றும் வழி இதுதான். இலக்கத்தோடு உடம்பையும் பார்ப்பார்கள். வடிகட்டும் வேகம் 5க்கும் 10க்கும் இடையில் இருக்கும்போதே பலருக்கும் அந்த வேளை வருகிறது. சாப்பாட்டில் வெறுப்பு, ஓயாத குமட்டல், வாந்தி, உடல் மெலிவு, தாங்க முடியாத அரிப்பு, மருந்துக்கு அடங்காத வீக்கமும் பிரஷரும், நினைவு மங்குதல் ஆகியன கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

சில நிலைமைகளில் இன்னொருவரைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமே இல்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறுவது, சிறுநீரக நோயினால் இருதயத்தைச் சுற்றி அழற்சி ஏற்படுவது, வலிப்பு, நினைவு தப்புதல் போன்றவை அத்தகையன. அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். உயிரைக் காத்த பின்னர் ஆலோசனையை வைத்துக்கொள்ளலாம்.

"ஒரு தரம் மெஷினில் போட்டால் பிறகு விடவே முடியாது, மெஷின்தான் கிட்னியைச் சாகடிக்கிறது" என்ற பேச்சு எமது மக்களிடம் உண்டு. எலிக்காய்ச்சலில் திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோன எத்தனையோ வயல்காரர்கள், சில தடவைகள் மெஷினில் போடப்பட்டுப் பூரண சுகத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். பல வருடங்களாகச் சுருங்கிப்போன சிறுநீரகத்துக்குத்தான் தொடர்ந்து போட வேண்டிவருகிறது. அங்கும் சாகடிப்பது நோயே தவிர மெஷின் அல்ல.

தயாராவது வேறு, தொடங்குவது வேறு

இக்கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறந்துவிட வேண்டாம். டொக்டர் "கையில் ஒரு சின்ன ஒப்பரேஷன் செய்வோம்" என்றால், நாளைக்கே மெஷினில் போடப்போகிறார் என்பது அதன் பொருளல்ல. கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் இணைத்து, ஊசி போடத்தக்க ஒரு வழியை உண்டாக்குவதே அந்த ஒப்பரேஷன். ஃபிஸ்டியூலா என்பது அதன் பெயர். அது பழுத்துப் பயன்படுவதற்கு 6 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை செல்லலாம். ஆகவே வடிகட்டும் வேகம் 20க்குக் கீழே தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே இதுபற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். தயாராக இல்லாதவருக்கு அவசர வேளையில் கழுத்து நாளத்தில் குழாய் போட வேண்டிவரும். அதில் கிருமி தொற்றும் அபாயம் மிக அதிகம்.

எனவே வழமையாக வேலை செய்யாத கையை, பெரும்பாலானோருக்கு இடது கையை, இப்போதிருந்தே பாதுகாத்துக்கொள்ளுங்கள். இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ அந்தக் கையை நீட்ட வேண்டாம். மிஸ்ஸியிடம் தன்மையாகச் சொன்னால் அவர் மற்றக் கையில் எடுப்பார். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பீ நோய்க்கான தடுப்பூசி பற்றியும் காலத்தோடு கேளுங்கள்.

வேறு வழிகளும் உள்ளன. வயிற்றினுள் மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு தடவையளவில் மருந்து நீரை மாற்றும் முறை ஒன்றுண்டு. தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு இது வசதியாக அமையலாம். மெஷின் சிகிச்சை வழமையாக வாரத்தில் 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணித்தியாலங்கள். எமது அரச ஆஸ்பத்திரிகளில் இட நெருக்கடியால் பலருக்கு வாரத்தில் 2 தடவைதான் கிடைக்கிறது. பொருத்தமானவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைப்பதும் உண்டு. சில வேளை மெஷினுக்குப் போகுமுன்பே அதைச் செய்துவிடலாம். இவற்றையெல்லாம் வைத்தியரிடம் கேட்டறிவதற்கு நோயாளி எழுந்து நடமாடும் காலமே ஏற்றது. அவசரப் பிரிவின் கட்டிலில் வைத்துக் கேட்க முடியாது.

இன்னொருவரைக் கேட்பது எதற்காக?

இரு குடும்பங்களின் அனுபவத்தை இங்கு சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டியதில்லை.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவருக்குக் கிரியேட்டினின் திடீரென ஏறியது. முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேன் எடுக்காமலேயே மெஷின் பற்றிப் பேசப்பட்டது. மகன் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறுநீரக நிபுணரிடம் போனார். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். புரொஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் வழியை அடைத்திருந்தது தெரியவந்தது. குழாய் போட்டு அடைப்பை நீக்கினார்கள். மூட்டு வலிக்கு அவர் பார்மசியில் வாங்கி விழுங்கிய குளிசையையும் நிறுத்தினார்கள். சில வாரங்களில் கிரியேட்டினின் இறங்கியது. மெஷின் தேவைப்படவில்லை.

மற்றக் குடும்பத்தில் நோயாளி ஐம்பது கடந்த ஒரு தாய். பல வருடச் சீனி வருத்தம். ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் சுருங்கியிருந்தன. கையில் ஒப்பரேஷன் செய்துகொள்ளும்படி கிளினிக்கில் மூன்று தடவை சொன்னார்கள். பிள்ளைகள் எட்டு மாதங்களில் ஆறு டொக்டர்களைச் சனல் பண்ணினார்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள். "போட வேண்டாம்" என்று ஒருவர் சொல்லும்வரை தேடுவதாகவே அது அமைந்தது. இடையில் யாரோ தந்த ஒரு தூளும் கொடுக்கப்பட்டது. ஒரு நாள் இரவு மூச்சு முட்டி அவசரமாக அனுமதித்தார்கள். கழுத்தில் குழாய் போடப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் தப்பினார். வார்டில் கண் விழித்தபோது அவர் மூத்த மகனிடம் கேட்டது ஒன்றைத்தான்: "எல்லாருட்டயும் கேட்டீங்க மகன், என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே?"

முதற் குடும்பம் அறிந்துகொள்வதற்காகக் கேட்டது. இரண்டாவது குடும்பம் அறிந்ததிலிருந்து தப்புவதற்காகக் கேட்டது. இரண்டாவது ஆலோசனை என்பது முதல் வைத்தியரை அவமதிப்பதல்ல; நல்ல வைத்தியர் அதற்காகக் கோபிப்பதுமில்லை. ஆனால் அதற்கு ஒரு முறையும் ஓர் எல்லையும் உண்டு.

போவது சிறுநீரக விசேட நிபுணரிடமாக இருக்கட்டும். மாளிகாவத்தையில் தேசிய சிறுநீரக நிறுவனம் இருக்கிறது. 2021ல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே ஒரு தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கண்டி போன்ற பெரிய போதனா வைத்தியசாலைகளிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன. போகும்போது கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன், குடிக்கும் குளிசைகள் யாவற்றையும் கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்து, தூள், வலிக் குளிசை எதையும் மறைக்க வேண்டாம். பின்னர் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. நோய்க்குக் காரணம் என்ன? திருத்தக்கூடிய ஏதும் அதில் உண்டா?
2. இன்றே தொடங்கினால் என்ன நன்மை? ஒரு மாதம் பொறுத்தால் என்ன ஆபத்து?
3. பொறுப்பதானால் எத்தனை நாளைக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும்?
4. மெஷின், வயிற்று வழி, மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றில் இவருக்கு எது பொருந்தும்?
5. எதுவுமே செய்யாமல் மருந்தோடு மட்டும் பராமரித்தால் எப்படி இருக்கும்?

இதற்கு ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் இன்னொருவரைக் கண்டுவிட வேண்டும். அதுவரை முதல் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. கையிலான ஒப்பரேஷனுக்கு நாள் தந்திருந்தால் அதை விட்டுவிடாமல், அந்த நாளுக்கு முன்பே மற்றவரைக் காண முயலுங்கள். இரு நிபுணர்கள் ஒன்றையே சொன்னால் மூன்றாமவரைத் தேடி அலைவதில் பெரும்பாலும் பயனில்லை.

மார்க்கத்தின் பார்வை

1992ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வைத்தியம் செய்துகொள்வது பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. சிகிச்சையைக் கைவிட்டால் உயிரோ உறுப்போ அழியும் என்றிருந்தால் சிகிச்சை கடமையாகும். அந்த அளவுக்கு இல்லாவிட்டால் அது விரும்பத்தக்கதாகும். சிகிச்சையால் நோயைவிடப் பெரிய தீங்கு வருமென்று அஞ்சினால் அது வெறுக்கத்தக்கதாகவும் ஆகலாம் என்பது அதன் சாரம். புத்தி சுவாதீனமுள்ள நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தில் உண்டு.

இதிலிருந்து விளங்குவது என்ன? மெஷினில் போட்டால் வருடக்கணக்கில் பிள்ளைகளோடு வாழக்கூடிய ஒருவர், பயத்தால் அதைக் கைவிட்டு "தவக்குல்" என்று சொல்வது சரியான தவக்குல் ஆகாது. அதேவேளை, மிகத் தள்ளாத வயதில், பல நோய்களோடு படுக்கையில் இருப்பவருக்கு நிலைமை வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியோரில் மெஷின் சிகிச்சை தொடங்கிய 3702 பேர் பற்றிய ஆய்வு 2009ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் 58 வீதமானோர் மரணித்திருந்தார்கள். முன்னிருந்த அளவுக்குத் தம் காரியங்களைச் செய்யும் ஆற்றலோடு இருந்தவர்கள் 13 வீதமே. அத்தகையவருக்கு மூச்சு முட்டலையும் வலியையும் வாந்தியையும் மருந்தால் தணித்து, வீட்டாரின் அரவணைப்பில் வைத்துப் பராமரிப்பதும் ஒரு சிகிச்சைதான். வைத்தியரின் ஆலோசனையோடும் நோயாளியின் விருப்பத்தோடும் அம்முடிவை எடுத்த பிள்ளைகளைப் பார்த்து "உம்மாவைச் சாக விட்டுவிட்டார்கள்" என்று ஊரார் பேசுவது பெரும் அநியாயமாகும்.

மஷூரா எமது மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. ஆனால் அதில் முதலாவதாகக் கேட்கப்பட வேண்டியவர் நோயாளி. வாப்பா பயந்துவிடுவார் என்று சொல்லி அவரிடம் மறைத்துவிட்டு, மகன்மாரும் மருமகன்மாரும் முற்றத்தில் நின்று முடிவெடுப்பது மஷூரா அல்ல.

நோய் விசாரிக்கப் போகும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்போடு நாம் கொண்டு போகும் தம்பிலி இளநீரிலும் பேரீச்சம்பழத்திலும் பொட்டாசியம் மிக அதிகம். ஐந்து மூலையுள்ள காமரங்காப் பழம் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சாகவே ஆகிவிடலாம். வீட்டாரைக் கேட்டுவிட்டுக் கொண்டு செல்லுங்கள். இல்லாவிட்டால், அடுத்த கிளினிக் நாளில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டிய ஒருவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வல்ல அல்லாஹ் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.